இரவல் விரிசல்

"எங்க வீட்டு விரிசலை ஏன் எடுத்துட்டுப் போறீங்க?"

மலைப்பாதை ஓரத்தில் ஒரு சிறுமி இப்படிக் கேட்டாள். கேட்டது ஓர் ஓவியக்காரியிடம். வெயிலோ தூறலோ, ஒரு கறுப்புக் குடையைக் கல்லிடுக்கில் செருகிவிட்டு, அதன் அடியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து மலையையும் பள்ளத்தையும் வரைகிறவள் என்பதால் அவளுக்குக் குடைக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. போகிற இடமெல்லாம் துணி அட்டை போட்ட ஒரு பயண ஓவியப் புத்தகம் அவளோடு போகும். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் தேதி எழுதுவாள், மணி எழுதுவாள், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதைக்கூட எழுதிவைப்பாள்.

அந்தப் பாதைக்கு இரண்டு தாங்குசுவர்கள். மேலே இருந்த சுவர் மலைச்சரிவு பாதையில் இறங்காமல் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் அடியில் ஒரு சைக்கிள் கடை. கீழே இருந்த சுவர் பாதையையே தாங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் அந்தச் சிறுமியின் வீடு. குடைக்காரி வரைந்துகொண்டிருந்தது மேல்சுவரை. அதுவோ சுண்ணாம்பு அடித்து, துடைத்துவிட்ட பலகைபோல் வெறுமையாக இருந்தது. கீழ்ச்சுவரில் மூன்று கிளையாகப் பிரிந்த ஒரு விரிசல், அதன் நடுவில் இரண்டு இலையோடு ஒரு செடி. என்ன அழகு! குடைக்காரி அந்த விரிசலைச் செடியோடு தூக்கி மேல்சுவரில் வைத்துவிட்டாள்.

இயற்கைக் காட்சி வரைகிறவர்களுக்கு இது கை பழகிய வேலை. மரத்தை நகர்த்துவார்கள், பாறையைத் தள்ளிவைப்பார்கள். மரமும் புகார் கொடுப்பதில்லை, பாறையும் கொடுப்பதில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருத்தி கேட்டாள்.

"அந்தச் சுவரு மொட்டையா இருக்குடா செல்லம். கண்ணு போய் உட்கார ஒரு இடம் வேணும்ல?"

"அப்ப இது பொய்யா?"

"பொய் இல்ல. இரவல்."

"இரவல்னா திருப்பிக் கொடுக்கணும்ல?"

"கொடுத்துடறேன் தாயே. முதல்ல கொஞ்சம் தண்ணி கொண்டா. தூரிகை கழுவத் தண்ணி தீர்ந்துபோச்சு."

குழாய் பள்ளத்தில் இருந்தது. சிறுமி ஓடி இறங்கி, ஒரு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டுக்கு ஒரு அடி என்று மேலே ஏறி வந்தாள். வந்து சேர்ந்தபோது முக்கால் டம்ளர் மிச்சம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் பேருந்து வந்துவிட்டது. குடைக்காரி அடித்துப் பிடித்துப் பெட்டியை மூடினாள். அந்த அவசரத்தில் டம்ளரும் பெட்டிக்குள் போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தாள். 'அடுத்த தடவை போகும்போது கொடுத்துவிடலாம்' என்று அதையே தூரிகை டம்ளராக வைத்துக்கொண்டாள். அடுத்த தடவை என்பது நம் எல்லோருக்கும் எத்தனை வசதியான நாள்!

நான்கு மாதம் கழித்து, பருவம் தவறி ஒரு மழை பெய்தது. மேல்சுவர் சரிந்து சைக்கிள் கடைமேல் விழுந்தது. கடவுள் கிருபையால் உயிர்ச்சேதம் இல்லை. கடைக்காரருக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அந்தச் சுவரைச் சோதித்து 'விரிசல் ஏதுமில்லை' என்று அறிக்கை எழுதியிருந்தவர் சாலைத் துறை ஓவர்சியர் ஒருவர்.

ஊர் நூலகத்தில் குடைக்காரியின் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது அந்தப் பயணப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருந்த பத்திரிகைக்காரர் ஒருவர், செய்தி கேட்டதும் மூச்சிரைக்க அவள் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"அம்மா, இது அந்தச் சுவருதானே? தேதியைப் பாருங்க! அந்த ஆளு அறிக்கை எழுதி மூணே நாள்ல வரைஞ்சிருக்கீங்க. எவ்வளவு பெரிய விரிசல்! இதைப் பார்க்காம கையெழுத்துப் போட்டிருக்கான் பாருங்க."

"அந்த விரிசல் வந்து…" என்று குடைக்காரி சொல்ல ஆரம்பித்தாள். பிறகு, "எந்த ஓவர்சியர்?" என்று கேட்டாள்.

பத்திரிகைக்காரர் பெயரைச் சொன்னார்.

குடைக்காரி வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாயைத் திறந்தபோது, "நான் எப்பவும் தேதி போட்டுத்தான் வரைவேன்," என்று மட்டும் சொன்னாள். அது பொய் இல்லை. பொய்யின் ஒன்றுவிட்ட தங்கை.

அந்தப் பெயர் அவளுக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம். அவள் கணவன் கொத்துவேலை மேஸ்திரி. பள்ளிக்கூடக் கூரை ஒன்று இடிந்து விழுந்தபோது, சிமெண்டைக் குறைத்தது ஒப்பந்தக்காரர். அறிக்கையில் வந்ததோ மேஸ்திரியின் பெயர். அடியில் இந்த ஓவர்சியரின் கையெழுத்து. கணவனின் அளவுக் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு அவள் அலுவலகத்துக்குப் போய் மூன்று மணி நேரம் வராந்தாவில் நின்றாள். கடைசியில் அவர் தலையைத் தூக்காமலே, "காகிதம் என்ன சொல்லுதோ அதாம்மா. நான் என்ன பண்ண முடியும்?" என்றார். அதன்பிறகு மேஸ்திரியின் கையில் யாரும் ஒரு செங்கல்லைக்கூடக் கொடுக்கவில்லை. இரண்டு வருடம் சும்மா உட்கார்ந்திருந்தவர், ஒருநாள் சும்மா உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

குடைக்காரி பக்தி உள்ளவள். காலையில் கண் விழித்ததும் படைத்தவனிடம் பேசாமல் தரையில் கால் வைக்கமாட்டாள். அப்படிப் பேசுகிறதில் முதல் பாதி எல்லோரும் நன்றாக இருக்கவேண்டும் என்று போகும். இரண்டாம் பாதி முழுக்க அந்த ஒருவன் நன்றாக இருக்கக்கூடாது என்று போகும். கடவுளுக்கு இரண்டு பாதியும் கேட்டிருக்கும். அவர் அவசரப்படுவதில்லை.

இப்போது பழம் நழுவிப் பாலில் விழுந்திருந்தது. ஓவர்சியரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். புத்தகத்தோடு வந்து சாட்சி சொல்லும்படி குடைக்காரிக்குக் கடிதம் வந்தது. அதை அவள் நான்கு முறை படித்தாள். தூரிகை கழுவும்போதும் துணி உலர்த்தும்போதும், அந்தக் கூடத்தில் நின்று என்ன முகத்தோடு என்ன குரலில் சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். ரொம்பக் கோபமாகச் சொன்னால் ருசி கெட்டுவிடும், சாவகாசமாகச் சொல்லவேண்டும்.

"விடாதீங்க அண்ணி," என்றாள் அவளோடு குடியிருந்த நாத்தனார். கணவனின் தங்கை; தையல்காரி. முன்னறையில் அவள் மிஷின், பின்னறையில் இவள் வண்ணப்பெட்டி. "எங்க அண்ணனை உட்கார வச்சே கொன்ன ஆளு. அவனையும் உட்கார வைங்க. கம்பிக்குப் பின்னால."

"நான் என்ன பண்ணப்போறேன்? புத்தகத்தை நீட்டப்போறேன். அவ்வளவுதான்."

"அந்த நீட்டற அழகைப் பார்க்க நானும் வருவேன். அன்னிக்குக் கடைக்கு லீவு."

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு, மதியம் சாய்கிற நேரத்தில், ஓவர்சியரே வாசலில் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. சட்டைப்பையில் பேனா இல்லை, பழைய மைக்கறை மட்டும்.

"யாரு அண்ணி? கரண்ட் பில்லா?" என்று மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள் நாத்தனார்.

"இல்ல. நம்ம விருந்தாளி."

உட்காரச் சொல்லவில்லை. பின்னறையின் கதவு திறந்தே இருக்க, குடைக்காரி ஓர் ஓட்டலுக்காகப் பன்னிரண்டு மலைக்காட்சிகள் தீட்டிக்கொண்டிருந்தாள். "வானத்துக்கு ஈரம் காயறதுக்குள்ள நீலம் கொடுக்கணும். நடுவுல எழுந்திரிக்க முடியாது," என்றாள் திரும்பாமல். உண்மைதான், ஒரு வானம் காயக் கால்மணி போதும். அவள் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு வானம் தீட்டினாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். வராந்தாவில் மூன்று மணி நேரம் நின்ற கால்களுக்கு அந்த ஒரு மணி நேரம் எத்தனை இதமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

"அம்மா, அந்தச் சுவத்துல விரிசல் இல்ல," என்றார் கடைசியில். "ஒவ்வொரு கல்லா சுத்தியலால தட்டிப் பார்த்தேன். மேல லாட்ஜ் கட்டறவன் மண்ணைக் கொட்டி ஓடையை மூடிட்டான். தண்ணி போக வழியில்லாம சுவரைத் தள்ளிடுச்சு. அது நான் பார்த்துட்டு வந்ததுக்கு அப்புறம் நடந்தது. உங்களுக்குத் தெரியும், அங்க விரிசல் இல்லன்னு."

குடைக்காரி தூரிகையை வைத்துவிட்டுத் திரும்பினாள். பன்னிரண்டு வருடமாக நாக்கின் நுனியில் வைத்திருந்ததை எடுத்தாள்.

"காகிதம் என்ன சொல்லுதோ அதாங்க. நான் என்ன பண்ண முடியும்?"

அவர் முகம் மாறியது. எங்கே கேட்ட வார்த்தை என்று தேட அவருக்கு நேரம் ஆகவில்லை.

"அன்னிக்கு நான் அந்தக் கூரையைப் போய்ப் பார்க்கவே இல்லம்மா," என்றார். "மேலதிகாரி மேசையில இருந்து காகிதம் வந்துச்சு, போட்டுட்டேன். மேஸ்திரி போனது பிறகுதான் தெரியும். அதுக்கப்புறம் கையால தொட்டுப் பார்க்காம ஒரு சுவத்துக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்ல."

"இதை அவர்கிட்டயே சொல்லுங்க. அவர் இருக்கற இடத்துக்குப் போய்ச் சொல்லுங்க."

மிஷின் நின்றது. நாத்தனார் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்காக வரலம்மா. அப்படிச் சொன்னா பொய். எனக்காகவும்தான் வந்தேன். ஆனா கீழ்ச்சுவரு இருக்கு பாருங்க, அதுல நிஜமாவே விரிசல் இருக்கு. முட்டுக்கொடுக்கணும்னு அதே அறிக்கையில ரெண்டாவது பக்கம் எழுதியிருந்தேன். முதல் பக்கமே பொய்யின்னு ஆனப்புறம் ரெண்டாவது பக்கத்தை யாரு நம்புவாங்க? எடுத்து மூலையில போட்டுட்டாங்க. அடுத்த மாசம் பெரிய மழை. சுவத்துக்குக் கீழ ஒரு வீடு இருக்கு."

அவருக்கு இருமல் வந்தது. நின்ற களைப்பு, தொண்டை வறட்சி. குடைக்காரி எழுந்தாள். தண்ணீர் இல்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. நல்ல டம்ளரில் கொடுக்கக் கை எழவில்லை. தூரிகை டம்ளரில் இருந்த நீலத்தை வெளியே கொட்டி, கழுவாமலே தண்ணீர் ஊற்றி நீட்டினாள். அவர் பார்த்தார். உள்ளே நீலம் நூல் நூலாகக் கரைந்துகொண்டிருந்தது. அடிவரை குடித்துவிட்டு, "நன்றிம்மா," என்று சொல்லிப் போனார்.

"அய்யோ அண்ணி!" நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உதட்டுல நீலம்! தெருவெல்லாம் பார்க்கப்போகுது. விஷம் குடிச்ச மாதிரியே போறான்."

குடைக்காரியும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் டம்ளரைக் கழுவ எடுத்துப்போனாள்.

குழாயடியில் சிரிப்பு அறுந்தது. நான்கு மாதத்துக்கு மேலாகத் தினமும் கையில் எடுத்த டம்ளர்தான். இன்றைக்கு அது கனத்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறி வந்த அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். பாதத்தில் சொட்டிய தண்ணீர், மிச்சத்தைச் சிந்தவிடாமல் பார்க்க நெளித்த உதடு. 'இரவல்னா திருப்பிக் கொடுக்கணும்ல?'

விரிசல் என்றால் அவளுக்கு இத்தனை நாளும் ஓவர்சியரின் விரிசல்தான். அது யார் வீட்டிலிருந்து எடுத்தது என்பதை மனசின் பின்கட்டில் தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தாள். 'வேறு யாராவது பார்ப்பார்கள். ஊரில் கண் உள்ளவர்கள் இல்லையா?' என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஊரின் கண்ணெல்லாம் விழுந்த சுவரின்மேல் இருந்தது. அங்கே கொண்டுபோய் உட்காரவைத்ததே அவள்தானே.

மறுநாள் காலை பிரார்த்தனையில் முதல் பாதி வந்தது. இரண்டாம் பாதிக்கு வாய் திறந்தால் சொல் வரவில்லை. பார்க்காமல் கையெழுத்துப் போட்டவனைப் பன்னிரண்டு வருடம் சபித்தவள் அவள். இப்போது பார்த்துவிட்டே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். யார் பாவம் பெரிது என்று கடவுள் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

விசாரணை சாலைத் துறையின் கூட்ட அறையில் நடந்தது. மின்விசிறி கிறீச்சிட்டது. விசாரணை அதிகாரி புத்தகத்தை விரித்துவைத்து, "இது நீங்க வரைஞ்சதுதானா?" என்று கேட்டார். முன்வரிசையில் பத்திரிகைக்காரர். கட்டுப்போட்ட காலை நீட்டியபடி சைக்கிள் கடைக்காரர். பின்வரிசையில் புதுப்புடவையில் நாத்தனார்.

"நான் வரைஞ்சதுதான். சுவரு உண்மை, தேதி உண்மை. விரிசல் அங்க இல்ல."

"புரியல."

"கீழ்ச்சுவத்துல இருந்துச்சு. மேல்சுவரு வெறுமையா இருந்ததால எடுத்து அங்க வச்சேன். நாங்க அப்படிச் செய்யறதுண்டு."

"விரிசலை எடுத்து வச்சீங்களா?" அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். யாரோ பின்னாலிருந்து, "நாளைக்கு மலையையே காணோம்னு சொல்வாங்க போல," என்றார். அறை சிரித்தது. பத்திரிகைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

குடைக்காரியின் காது சூடானது. ஆனாலும் விடவில்லை. "நம்பலன்னா இந்தப் பக்கத்தைக் கையில எடுத்துட்டு இப்பவே போய்ப் பாருங்க. மூணு கிளை. நடுவுல செடி. கீழ்ச்சுவத்துல அப்படியே இருக்கும். விழுந்த சுவத்துல இருந்திருந்தா, அது எப்படி இன்னும் அங்க நிக்கும்?"

சிரிப்பு அடங்கியது. அதிகாரி அறிக்கையின் இரண்டாவது பக்கத்தைப் புரட்டினார். அது இருப்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்ததுபோல் இருந்தது.

"இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லல?"

"பழி தீர்த்துக்கலாம்னு இருந்தேன்."

"இப்ப மனசு மாறிடுச்சா?"

"மாறல," என்றாள் குடைக்காரி. "அந்தச் சுவத்துக்குக் கீழ ஒரு பொண்ணு இருக்கா."

ஓவர்சியர் எழுந்து நின்றார். "ஐயா, பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு பள்ளிக்கூடக் கூரை…" என்று தொடங்கினார். "அது இன்னிக்கு விஷயம் இல்ல, உட்காருங்க," என்றார் அதிகாரி. அவர் உட்காரவில்லை. அவரை அங்கேயே நிற்கவிட்டு, குடைக்காரி அவர் பக்கம் திரும்பாமல் வெளியே வந்தாள்.

அதன் பிறகு மாலையும் மரியாதையும் வந்துவிடவில்லை. 'ஊரை ஏமாற்றிய ஓவியம்' என்று பத்திரிகையில் வந்தது. "எங்க படத்துலயாவது மலை அது இருக்கற இடத்துல இருக்கா?" என்று ஓட்டல்காரர் தொலைபேசியில் கேட்டுவிட்டு, பன்னிரண்டுக்கு ஆறு போதும் என்றார். நாத்தனார் இரண்டு நாள் பேசவில்லை. மிஷின்தான் பேசியது, அதுவும் கடுகடுவென்று. மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எங்க அண்ணன் இருந்திருந்தா அவரும் இதைத்தான் பண்ணியிருப்பாரு," என்றாள். "அதான் எனக்கு எரிச்சலா இருக்கு."

குடைக்காரி ஓவர்சியரை மன்னிக்கவில்லை. மன்னிப்பது பெரிய வேலை. அஸ்திவாரம் தோண்டவே நாளாகும். ஆனால் காலைப் பிரார்த்தனையின் இரண்டாம் பாதியில் அவள் இப்போது சும்மா இருந்தாள். அப்படிச் சும்மா இருப்பதே அவளுக்குப் பழக்கமில்லாத பாரமாக இருந்தது.

மழைக்கு ஒரு வாரம் இருக்கும்போது பேருந்து ஏறி அந்தப் பாதைக்குப் போய், சிறுமியின் வீட்டுப் பக்கம் இறங்கினாள். கீழ்ச்சுவருக்குத் தடித்த மரமுட்டுகள் வரிசையாகக் கொடுத்திருந்தார்கள். விரிசலின் குறுக்கே மூன்று இடத்தில் சின்னக் கண்ணாடித் துண்டுகளைச் சாந்தில் பதித்து, பக்கத்தில் தேதி எழுதியிருந்தது. சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். எந்தத் துண்டும் உடையவில்லை. அந்தத் தேதியின் கையெழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரியும்; அதே கையெழுத்தைத்தானே இத்தனை வருடம் வெறுத்தாள். செடியை மட்டும் பிடுங்கிவிட்டிருந்தார்கள்.

உச்சி வேளை. வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வீடு பூட்டியிருந்தது, சுவர் வேலை முடியும்வரை குடும்பத்தைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருப்பதாகப் பேருந்து நடத்துநர் சொல்லியிருந்தார். வாசலில் தாண்டி விளையாடும் கயிறு ஒன்று கிடந்தது.

குடைக்காரி குடையை விரித்து, நாற்காலியைப் போட்டாள். கீழ்ச்சுவரை வரைந்தாள். எதையும் நகர்த்தவில்லை. முட்டுகள் நடுவில் வந்து படத்தைக் குத்தின. குத்தட்டும் என்று விட்டாள். விரிசலை அது இருக்கிற இடத்தில், மூன்று கிளையோடும் கண்ணாடித் துண்டுகளோடும் போட்டாள். மூலையில் தேதி எழுதினாள், மணி எழுதினாள், காற்று மேற்கிலிருந்து என்று எழுதினாள். புத்தகத்திலிருந்து ஒரு தாளைக்கூட அவள் இதுவரை கிழித்ததில்லை. இந்தத் தாளைத் தையல் ஓரமாகப் பிசிறில்லாமல் கிழித்தெடுத்தாள்.

பெட்டியிலிருந்து டம்ளரை எடுத்தாள். வீட்டில் சாம்பல் போட்டு மூன்று முறை தேய்த்தும் விளிம்பில் ஒரு நீலக்கோடு போகவில்லை. பள்ளத்தில் இறங்கிக் குழாயில் பிடித்தாள். மேலே ஏறும்போதுதான் அது எத்தனை செங்குத்து என்று தெரிந்தது. முழங்கால் வலித்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டுக்கு ஒரு அடி என்று ஏறினாள். பூட்டிய வீட்டின் ஜன்னல் திண்டில் தாளை விரித்து, காற்றில் பறக்காமல் அதன்மேல் டம்ளரை வைத்தாள்.

குனிந்து பார்த்தாள். முக்கால் டம்ளர் இருந்தது.

பேருந்து வருகிற சத்தம் வளைவில் கேட்டது. குடையை மடக்கிக்கொண்டு பாதைக்கு ஏறினாள்.